இல்லாத புலத்தில் வளையும் எலக்ட்ரான்

மாங்கனீசும் சிலிக்கனும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்ந்தால் மாங்கனீசு சிலிசைடு என்ற சாம்பல் நிற உலோகம் கிடைக்கிறது. தட்டினால் நொறுங்கும். வீட்டுப் பொருள் எதிலும் இதைப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. ஆனால் குறைந்த வெப்பநிலை ஆய்வகங்களில் இதற்கு அரை நூற்றாண்டு மரியாதை உண்டு. 29.5 கெல்வினுக்கு, அதாவது ஏறக்குறைய மைனஸ் 244 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்வித்தால் இது காந்தமாகிறது. அதுவும் ஒரு வினோதமான காந்தம். இரும்பில் அணுக்காந்தங்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். இதில் ஓர் அடுக்குக்கு அடுத்த அடுக்கு சற்றே திரும்பி நிற்கும். அப்படித் திரும்பித் திரும்பி, ஏறக்குறைய 18 நானோமீட்டர் தூரம் போனதும் ஒரு முழுச் சுற்று முடியும். ஆய்வாளர்கள் 1976இல் நியூட்ரான் கற்றையை வைத்து இந்தத் திருகைக் கண்டுபிடித்தார்கள்.

வெப்பநிலையை ஓர் அச்சிலும் காந்தப்புலத்தை மற்றோர் அச்சிலும் வைத்து இதன் குணங்களை வரைந்தால், பெரும்பகுதி புரிந்த நிலம்தான். ஆனால் 28, 29 கெல்வினை ஒட்டி, 0.1 முதல் 0.2 டெஸ்லா புலத்துக்குள் ஒரு சின்னத் தீவு தெரிந்தது. அதற்குள் நுழைந்ததும் மின்தடை முதலிய அளவீடுகள் லேசாகத் துள்ளும். வெளியே வந்ததும் அடங்கிவிடும். அதற்கு 'ஏ கட்டம்' என்று பெயர் சூட்டினார்கள். பெயர் சூட்டியதோடு பெரும்பாலானோர் நகர்ந்துவிட்டார்கள். ஏதோ ஒரு காரணத்தால் அங்கே திருகின் அச்சு காந்தப்புலத்துக்குச் செங்குத்தாகப் புரண்டு படுத்துவிடுகிறது என்பதுதான் வெகுகாலம் வழக்கிலிருந்த விளக்கம்.

2009இல் மியூனிக் அருகே கார்ஷிங்கில் இருக்கும் ஆய்வு அணு உலையில் கிறிஸ்டியன் ஃப்ளைடரர், செபாஸ்டியன் மூல்பாவர் குழுவினர் அதே படிகத்தை மறுபடி நியூட்ரான் கற்றை முன் வைத்தார்கள். ஒரே ஒரு மாற்றம். முந்தைய சோதனைகளில் காந்தப்புலம் கற்றைக்குக் குறுக்கே இருந்தது. இவர்கள் கற்றையின் திசையிலேயே புலத்தையும் வைத்தார்கள். அதாவது, இதுவரை பக்கவாட்டில் பார்த்த ஒன்றை மேலிருந்து பார்த்தார்கள். உணர்கருவியின் திரையில் ஆறு புள்ளிகள் விழுந்தன. 60 டிகிரி இடைவெளியில், துல்லியமான ஓர் அறுகோணம். படிகத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் புலத்தைச் சுற்றியே அந்த அறுகோணம் நின்றது. புரண்டு படுத்த ஒற்றைத் திருகு இரண்டு புள்ளிகளைத்தான் தர முடியும். ஏ கட்டத்தில் இருந்தது படிகம் முழுவதும் ஒரே திசையில் படுத்த ஒற்றைத் திருகு அல்ல என்பது அந்த நிமிடமே தெளிவாகிவிட்டது.

அங்கே இருந்தது என்ன என்று சொல்ல, அணுவின் அளவுக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு மாங்கனீசு அணுவையும் ஓர் அம்பாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அணுவின் எலக்ட்ரான்களுடைய ஸ்பின் நோக்கும் திசைதான் அம்பின் திசை. பக்கத்துப் பக்கத்து அம்புகளுக்கு இடையே இரண்டு ஆசைகள் மோதுகின்றன. ஒன்று பரிமாற்ற விசை: இருவரும் ஒரே திசையில் நிற்போம் என்கிறது. இரும்பு காந்தமாவது இதனால்தான். மற்றொன்று, இருவரும் ஒருவருக்கொருவர் செங்குத்தாக நிற்போம் என்கிறது. இந்த இரண்டாவது விசை எல்லாப் படிகங்களிலும் தலைகாட்டாது. இரு அணுக்களுக்கு நடுவிலுள்ள புள்ளியை மையமாக வைத்து எல்லாவற்றையும் எதிர்ப்புறம் புரட்டினால் படிகம் முன்போலவே இருக்குமானால், அங்கே இந்த விசைக்கு இடமில்லை. அந்தச் சமச்சீர் குலைந்த படிகங்களில் மட்டுமே அது எழும். சோவியத் இயற்பியலாளர் இகோர் ஜியலோஷின்ஸ்கி 1958இல் ஹேமடைட் என்ற இரும்புத்தாதுவின் மெல்லிய காந்தத்தன்மையை விளக்கப் போய் இதைச் சமச்சீர் வாதங்களால் முன்வைத்தார். எலக்ட்ரானின் ஸ்பின்னும் அதன் சுற்றியக்கமும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதே இதன் வேர் என்று ஜப்பானின் தோரு மோரியா 1960இல் காட்டினார்.

மாங்கனீசு சிலிசைடில் முதல் விசை வலியது, இரண்டாவது எளியது. எனவே சமரசம்: ஒவ்வொரு அம்பும் முந்தையதைவிடக் கொஞ்சமே திரும்பும். அடிப்படைப் படிகக் கூடுகள் சுமார் 40 கடந்தால் ஒரு முழுச் சுற்று. இதுதான் திருகு. இப்போது வெளியிலிருந்து மிதமான புலம் ஒன்றைச் செலுத்தி, காந்தத்தன்மை மறையும் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே வைத்தால், வெப்பத்தின் அதிர்வுகளும் கைகொடுக்க, புலத்துக்குச் செங்குத்தான தளத்தில் 120 டிகிரி இடைவெளியில் மூன்று திருகுகள் ஒன்றன்மீது ஒன்று படிகின்றன. மூன்றும் கலந்ததில் கிடைப்பது வரிசை வரிசையாகச் சுழிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் அம்பு புலத்துக்கு நேரெதிராகத் தலைகீழாக நிற்கும். விளிம்பில் புலத்தோடு ஒத்து நிமிர்ந்து நிற்கும். இடைப்பட்ட தூரத்தில் சுற்றிச் சுழன்று ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். இந்தச் சுழிக்கு ஸ்கிர்மியான் என்று பெயர்.

தலையில் இருக்கும் சுழியை யாரும் வாரி அழித்ததில்லை. எண்ணெய் வைத்துப் படிய வாரினாலும் சற்றுத் தள்ளிப் போகுமே தவிர, சுற்றிலும் முடி வட்டமாகப் படிந்திருக்கும்வரை நடுவில் எங்காவது சுழி இருந்தே தீரும். ஸ்கிர்மியானின் பிடிவாதமும் இந்த வகைதான், ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டோடு. தலைச்சுழியின் நடுப்புள்ளியில் முடிக்குத் திசையே கிடையாது. ஸ்கிர்மியானில் திசை கெட்ட புள்ளி எதுவும் இல்லை. அம்புகள் தளத்தை விட்டு எழவும் தாழவும் முடியும் என்பதால் நடுவரை எல்லாம் வழுவழுப்பாகவே மாறுகின்றன. அப்படியானால் அதை எது காப்பாற்றுகிறது? ஒரு ஸ்கிர்மியானில் உள்ள அத்தனை அம்புகளையும் பிடுங்கி, அடிப்பகுதிகளை ஒரே புள்ளியில் குவித்துப் பாருங்கள். முனைகள் எல்லாத் திசைகளிலும் நீட்டிக்கொண்டு ஒரு கோளத்தின் மேற்பரப்பை முழுதாக மூடும். சரியாக ஒரு முறை. இடைவெளியும் இருக்காது, இரட்டிப்பும் இருக்காது. இந்த 'எத்தனை முறை' என்பது ஒரு முழு எண். அது மெல்ல மெல்ல 0.9 ஆகி, 0.5 ஆகி, 0 ஆக முடியாது. சுழியை நசுக்கலாம், நீட்டலாம், கோணலாக்கலாம். அம்புகள் தொடர்ச்சியாக மாறும்வரை எண் 1 ஆகவே இருக்கும்.

பெயருக்குரியவர் காந்தங்களோடு தொடர்பே இல்லாதவர். டோனி ஸ்கிர்ம் 1922இல் லண்டனில் பிறந்த அணுக்கரு இயற்பியலாளர். அவருடைய முன்னோரில் ஒருவரான எட்வர்ட் ராபர்ட்ஸ், கெல்வின் பிரபுவின் ஓதக் கணிப்பு இயந்திரங்களில் பணியாற்றியவர். இந்தியத் துறைமுகங்களில் கடல் ஏறி வடிவதைக் கணிக்க 1879இல் லண்டனில் செய்யப்பட்ட இயந்திரம் ராபர்ட்ஸின் வடிவமைப்புதான். அப்படிப்பட்ட இயந்திரம் ஒன்று குடும்ப வீட்டில் இருந்ததைச் சிறுவன் ஸ்கிர்ம் பார்த்திருக்கிறார். கெல்வின்மீது அவருக்கு உண்டான ஈடுபாடு அங்கே தொடங்கியது. அணுக்கள் என்பவை, வெளியெங்கும் நிறைந்திருப்பதாக அன்று நம்பப்பட்ட ஈதரில் உண்டான சுழல் வளையங்கள் என்று கெல்வின் 1867இல் ஒரு கொள்கை சொன்னார். ஈதர் இல்லை என்றானதும் அது குப்பைக்குப் போனது. ஆனால் பொருளின் நிலைத்தன்மைக்கு ஒரு முடிச்சின் நிலைத்தன்மையே காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் ஸ்கிர்மை விடவில்லை. புரோட்டான், நியூட்ரான் ஆகியவற்றைத் தனித் துகள்களாகக் கொள்ளாமல், மெசான் புலத்தில் விழுந்த அவிழாத முறுக்குகளாகப் பார்க்கும் கொள்கையை 1961, 1962இல் கட்டுரைகளாக எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சமயத்தில் அவர் கோலாலம்பூருக்குப் போய் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் கற்பித்தார். பிறகு பர்மிங்ஹாமில் தங்கிவிட்டார். 1980களில்தான் துகள் இயற்பியல் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1987இல் அவர் இறந்தார். அவர் பெயர் காந்தங்களுக்குள் குடியேறியதை அவர் பார்க்கவில்லை.

அந்தக் குடியேற்றத்துக்கு அடித்தளம் போட்டவர்கள் உக்ரைனின் தொனெட்ஸ்க் நகரத்து அலெக்ஸ் போக்தானோவும் யப்லோன்ஸ்கியும். ஜியலோஷின்ஸ்கி விசை உள்ள காந்தங்களில் இப்படிப்பட்ட சுழிகள் நிலைத்து நிற்க முடியும் என்று 1989இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சோதனை வந்து சேர இருபது ஆண்டுகள் ஆயின.

ஆறு புள்ளிகள் மட்டும் போதுமா என்று கேட்கலாம். கேட்டார்கள். நியூட்ரான் படம் மாதிரியின் சராசரியைக் காட்டுவது. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு திசையில் படுத்த ஒற்றைத் திருகுகள் மூன்று வகையாகக் கலந்திருந்தாலும் ஆறு புள்ளிகள் விழும். அம்புகள் உண்மையில் கோளத்தை மூடுகின்றனவா என்று கேட்க வேறு ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி உலோகத்துக்குள்ளேயே இருந்தது: ஓடும் எலக்ட்ரான்.

காந்தப்புலத்தில் மின்னோட்டம் பக்கவாட்டில் ஒதுங்குவதை 1879இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவர் எட்வின் ஹால் கண்டுபிடித்தார். காந்தம் தள்ளுவது கம்பியைத்தான், கம்பிக்குள் ஓடும் மின்னோட்டத்தை அல்ல என்று மேக்ஸ்வெல் தம் நூலில் எழுதியிருந்ததை அவர் நம்பவில்லை. கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய தங்க இழையில் மின்னோட்டம் செலுத்தி, செங்குத்தாகக் காந்தப்புலம் வைத்து, இழையின் இரு ஓரங்களுக்கு இடையே சிறு மின்னழுத்தம் பிறப்பதை அளந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து இரும்பில் செய்தபோது அது பல மடங்கு பெரிதாக இருந்தது. இரும்பின் கணக்கில் இரண்டாவது உறுப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. முதல் உறுப்பு வெளிப்புலத்தின் அளவைப் பொறுத்தது. இரண்டாவது, காந்தத்தின் காந்தமாக்கத்தைப் பொறுத்தது. இந்த இரண்டாவதன் காரணத்தைத் தேடி இயற்பியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சண்டையிட்டார்கள். அது தனிக் கதை. நமக்கு வேண்டியது மூன்றாவது உறுப்பு.

ஒரு கடத்தும் எலக்ட்ரான் சுழிக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் ஸ்பின் உண்டு. சுற்றியுள்ள அணுக்களின் அம்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் தன் ஸ்பின்னைத் திருப்பிக்கொள்வதே அதற்கு ஆற்றல் சிக்கனம். அம்புகள் மெதுவாக மாறும்வரை எலக்ட்ரானும் ஒவ்வோர் அடியிலும் தன்னைத் திருத்திக்கொண்டே போகும். ஒரு சின்ன வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பினால், ஸ்பின்னும் பழைய திசைக்கே வந்திருக்கும். எதுவும் மாறவில்லை என்று தோன்றும். ஆனால் குவாண்டம் அலைக்குக் கட்டம் என்று ஒன்று இருக்கிறது: அலை இப்போது ஏற்றத்தில் இருக்கிறதா, இறக்கத்தில் இருக்கிறதா என்ற நிலவரம். போய்த் திரும்பியதில் அந்தக் கட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். எவ்வளவு? ஸ்பின் தன் பயணத்தில் திசைகளின் கோளத்தின்மேல் ஒரு மூடிய கோடு வரைந்ததல்லவா, அந்தக் கோடு கோளத்தின் மையத்தில் அடைக்கும் திண்மக்கோணத்தில் சரிபாதி.

இந்தச் 'சரிபாதி' விதியை முதலில் கண்டவர் ஒரு தமிழ்க் குடும்பத்து இளைஞர். சர் சி. வி. இராமனின் சகோதரி மகன் எஸ். பஞ்சரத்தினம் பெங்களூரில் இராமன் ஆய்வு நிறுவனத்தில் இருந்தபடி 1956இல் எழுதிய கட்டுரை எலக்ட்ரானைப் பற்றியதல்ல, ஒளியின் முனைவாக்கத்தைப் பற்றியது. ஒளியின் முனைவாக்க நிலைகளையும் ஒரு கோளத்தின்மேல் புள்ளிகளாகக் குறிக்கலாம். அந்தக் கோளத்தில் ஒரு முக்கோணப் பயணம் போய் முதல் நிலைக்கே திரும்பும் ஒளியின் கட்டம், அந்த முக்கோணம் அடைக்கும் திண்மக்கோணத்தில் பாதி அளவு நகர்ந்திருக்கும் என்று அவர் காட்டினார். அப்போது அவருக்கு வயது 22. கட்டுரை இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் வந்தது. வெளியே அதிகம் பேர் படிக்கவில்லை. 1984இல் பிரிஸ்டலின் மைக்கேல் பெர்ரி இதே கருத்தை எல்லாக் குவாண்டம் அமைப்புகளுக்கும் பொதுவாக நிறுவி உலகப் புகழ் பெற்றார். பஞ்சரத்தினத்தின் மூத்த சகோதரர் எஸ். இராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் 1986இல் பழைய கட்டுரையை எடுத்துக் காட்டியபோது, பெர்ரி அதைத் தயங்காமல் ஏற்று, பெங்களூருக்கும் வந்து, பஞ்சரத்தினத்துக்குரிய இடத்தை எழுத்தில் பதிவு செய்தார். பஞ்சரத்தினம் அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, 35 வயதில், ஆக்ஸ்ஃபோர்டில் காலமாகிவிட்டார்.

திரும்பவும் சுழிக்குள் வருவோம். வட்டப் பாதையில் போய்வரும் எலக்ட்ரானுக்குக் கட்டம் நகர்வது வேறு எப்போது நடக்கும்? பாதைக்கு நடுவே காந்தப்பாயம் இருந்தால் நடக்கும். இயற்பியலாளர்கள் அகரோனோவும் போமும் 1959இல் சொன்னது அது. எலக்ட்ரானின் சமன்பாட்டில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. கட்டம் நகர்ந்தது என்பதுதான் அதற்குத் தெரியும். காந்தப்புலத்தால் நகர்ந்ததா, முறுக்கிய அம்புகளைப் பின்தொடர்ந்ததால் நகர்ந்ததா என்பதை அது அறியாது. எனவே சுழிக்குள் ஓடும் எலக்ட்ரான் ஒரு காந்தப்புலத்துக்குள் ஓடுவதைப் போலவே வளைகிறது. எலக்ட்ரானை இப்படி வளைக்கும் நிஜப் புலம் எதுவும் அங்கே இல்லை. இதற்குத் திசைகாட்டி ஊசி அசையாது. ஆனாலும் எலக்ட்ரானின் பாதை வளைவது நிஜம், ஓரத்தில் சேரும் மின்னூட்டம் நிஜம், வோல்ட்மீட்டர் காட்டும் எண் நிஜம். இதை 'வெளிப்படு காந்தப்புலம்' என்கிறார்கள்.

இதன் அளவைக் கணக்கிட அடிப்படைக் கணிதம் போதும் என்பது எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம். ஒரு ஸ்கிர்மியான் கோளத்தை முழுதாக ஒரு முறை மூடுகிறது. முழுக் கோளத்தின் திண்மக்கோணம் 4π. பாதி 2π. கட்டத்தில் 2π நகர்வு என்பது ஒரே ஒரு காந்தப்பாயக் குவாண்டத்துக்குச் சமம்: பிளாங்க் மாறிலியை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்தால் வரும் எண், ஏறத்தாழ 4.14 × 10⁻¹⁵ வெபர். சுழி பெரிதோ சிறிதோ, வட்டமோ கோணலோ, ஒன்றுக்கு ஒரு குவாண்டம்தான். மாங்கனீசு சிலிசைடில் ஒரு ஸ்கிர்மியான் பிடிக்கும் பரப்பு சுமார் 370 சதுர நானோமீட்டர். பாயத்தைப் பரப்பால் வகுத்தால் கிட்டத்தட்ட 11 டெஸ்லா வருகிறது. மருத்துவமனை எம்ஆர்ஐ கருவியில் இருப்பது 1.5 அல்லது 3 டெஸ்லா. சோதனைக்காக வெளியிலிருந்து செலுத்தியதோ 0.2 டெஸ்லாகூட இல்லை. ஆய்வாளர் கொடுத்த புலத்தைப் போல ஐம்பது மடங்குக்கும் மேலான ஒன்றை எலக்ட்ரான் தன் வழியில் சந்திக்கிறது.

2009இலேயே மியூனிக்-கொலோன் குழுவின் ஆண்ட்ரியாஸ் நொய்பாவர் முதலானோர் ஏ கட்டத்துக்குள் ஹால் மின்தடையை அளந்தார்கள். தீவின் எல்லைக்குள் புலம் நுழைந்ததும் ஒரு கூடுதல் சமிக்ஞை எழுந்தது, வெளியேறியதும் மறைந்தது. அளவு 4.5 நானோ ஓம் சென்டிமீட்டர். குறியீடு வழக்கமான ஹால் விளைவுக்கு எதிர். 11 டெஸ்லாவுக்கு இது மிகவும் குறைவாயிற்றே என்று தோன்றும். காரணம் இருக்கிறது. ஸ்பின்னை அம்போடு ஒத்து வைத்த எலக்ட்ரான்களும் உண்டு, எதிராக வைத்தவையும் உண்டு. முன்னவை ஒரு பக்கம் வளைந்தால் பின்னவை மறுபக்கம் வளையும். மாங்கனீசு சிலிசைடில் இரண்டுக்கும் உள்ள எண்ணிக்கை வேறுபாடு பத்தில் ஒரு பங்கு அளவே என்பதால் பெரும்பகுதி தமக்குள் கழிந்துவிடுகிறது. மிச்சத்தைக் கணக்கிட்டால் அளவும் குறியீடும் பொருந்தி வருகின்றன. படுத்த ஒற்றைத் திருகுகளின் கலவையாக இருந்திருந்தால் இந்தச் சமிக்ஞைக்கு இடமே இல்லை, ஏனெனில் ஒரு திருகின் அம்புகள் கோளத்தில் ஒரு வட்டத்தைத்தான் வரையும். எந்தப் பரப்பையும் மூடாது. எலக்ட்ரான் சாட்சி சொல்லிவிட்டது. இதற்கு இடவியல் ஹால் விளைவு என்று பெயர்.

அடுத்த ஆண்டே கண்ணாலும் பார்த்தாயிற்று. ஜப்பானில் யோஷினோரி தோகுராவின் குழுவைச் சேர்ந்த ஷியுஷென் யூ, இரும்பும் கோபால்ட்டும் சிலிக்கனும் கலந்த மெல்லிய படிகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, 90 நானோமீட்டர் இடைவெளியில் அறுகோணமாக அடுக்கப்பட்ட சுழிகளைப் படமெடுத்தார். எதிரெதிர்த் திசையில் சுழலும் சுழி ஒன்றுகூட அந்தப் படத்தில் இல்லை. படிகத்தின் கைவாகு, அதாவது அதன் அமைப்பு இடமுறுக்கா வலமுறுக்கா என்பது, எதுவோ அதன்படியே எல்லாம் சுழன்றன.

பாயம் மாறாமல் பரப்பு மட்டும் சுருங்கினால் புலம் எகிறும். எனவே சிறிய சுழிகளுக்கான வேட்டை தொடங்கியது. 2019இல் தோகுரா குழு காடோலினியம், பலேடியம், சிலிக்கன் கலந்த ஒரு சேர்மத்தில் 2.4 நானோமீட்டர் அளவிலான சுழி வரிசையைக் கண்டது. படிகம் சமச்சீர் குலையாதது. ஜியலோஷின்ஸ்கி விசைக்கு அங்கே வேலையில்லை. முக்கோண வலையில் மாட்டிய ஸ்பின்களுக்கு இடையில் கடத்தும் எலக்ட்ரான்களே தூது போய் முறுக்கை உண்டாக்குகின்றன. மேற்சொன்ன வகுத்தல் கணக்கை அப்படியே போட்டால் 600 டெஸ்லாவுக்கு மேல் வரும். ஆய்வகங்களில் நிலையாக நிறுத்தி வைக்க முடிந்த நிஜப் புலம் 45 டெஸ்லா அளவுதான். ஆனால் இவ்வளவு நெருக்கமான முறுக்கில் எலக்ட்ரான் ஒவ்வோர் அடியிலும் ஸ்பின்னைத் திருத்திக்கொண்டு போகும் என்ற நம் அனுமானமே தள்ளாடத் தொடங்கும். 600 என்பதை வாய்ப்பாட்டின் பெருமையாக வைத்துக்கொள்ளலாம், அளவீட்டின் பெருமையாக அல்ல. ஹால் சமிக்ஞை மிகப் பெரியது என்பது மட்டும் அளந்த உண்மை.

சுழி எலக்ட்ரானை வளைத்தால், எலக்ட்ரானும் சுழியைத் தள்ளியாக வேண்டும். நியூட்டன் சொன்ன எதிர்விசை. 2010இல் மியூனிக் குழு மாங்கனீசு சிலிசைடுக்குள் மின்னோட்டம் செலுத்தியபடி நியூட்ரான் படம் பிடித்தபோது ஆறு புள்ளிகளும் சேர்ந்து லேசாகச் சுழன்றன. சுழி வரிசை அசைகிறது என்று அர்த்தம். அதற்குத் தேவைப்பட்டது சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் ஆம்பியர் அளவு. சாதாரணக் காந்தங்களில் வெவ்வேறு திசை மண்டலங்களைப் பிரிக்கும் சுவர்களை நகர்த்த இதைப்போல லட்சம் மடங்கு வேண்டியிருந்தது. செய்தித்தாள்கள் இந்த லட்சத்தைப் பிடித்துக்கொண்டன. அந்த மின்னோட்டத்தில் சுழிகள் ஒரு நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கே ஊர்கின்றன என்பது தலைப்பில் வரவில்லை. படிகத்தின் குறைபாடுகளில் சிக்காமல் வழுக்கிப் போவதுதான் அவற்றின் உண்மையான திறமை. வேகம் வேண்டுமானால் மின்னோட்டத்தையும் ஏற்றத்தான் வேண்டும்.

நகரும் சுழி இன்னொரு வித்தையும் காட்டுகிறது. நகரும் காந்தப்பாயம் மின்புலத்தை உண்டாக்கும் என்பது ஃபாரடே விதி. எலக்ட்ரான் மட்டுமே காணும் இந்த இல்லாத பாயத்துக்கும் அது பொருந்துமா? பொருந்தியது. 2012இல் அளந்தபோது, சுழிகள் நகரத் தொடங்கிய அதே மின்னோட்டத்தில் இடவியல் ஹால் சமிக்ஞை குறையத் தொடங்கியது. சுழிகளின் ஓட்டம் உண்டாக்கிய மின்புலம் அதற்கு எதிராக நின்றதுதான் காரணம். மின்காந்தவியலின் முழு அரிச்சுவடியும் இந்த நிழல் உலகில் மறுபடி எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஒற்றைக் காந்தமுனைகூட உண்டு. சுழிகள் தடிமனான படிகத்தில் நீண்ட குழாய்களாக நிற்கும். வரிசை கலையும்போது இரண்டு குழாய்கள் ஒன்றாகும். அந்த இணைப்பில் அம்பின் திசை கெடும் ஒரு புள்ளி இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் முழு எண் மாற முடியாது. அந்தப் புள்ளியில் வெளிப்படு புலம் தொடங்குகிறது அல்லது முடிகிறது. எந்தக் காந்தத்தை உடைத்தாலும் கிடைக்காத தனிமுனை! பீட்டர் மில்டே குழுவினர் 2013இல் இந்தக் கலைதலைக் காந்த விசை நுண்ணோக்கியில் பின்தொடர்ந்தார்கள். ஸ்கிர்மியான் அழியாது என்று எழுதுபவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும். அது அழிய ஒரு விலை உண்டு; அந்த விலை கொடுக்கக்கூடியதுதான்.

இந்தச் சுழிகளை வைத்துக் கணினி நினைவகம் செய்யலாம் என்ற யோசனையை ஊக்கியவர்களில் முதன்மையானவர் ஆல்பெர் ஃபெர். வன்தட்டுகளை மாற்றிய மாபெரும் காந்தமின்தடைக்காக 2007இல் நோபல் பரிசு பெற்றவர். சுழி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒரு மெல்லிய பட்டையில் மின்னோட்டத்தால் அவற்றை ஓட்டி வரிசையாகப் படிப்பது திட்டம். முதல் தடை: சுழி நேராக ஓடாது. எலக்ட்ரானை ஒரு பக்கம் ஒதுக்கும் அதே காரணம் சுழியை மறுபக்கம் ஒதுக்குகிறது. 2017இல் வெளியான சோதனைகளில் அது மின்னோட்டத்தின் திசையிலிருந்து 30 டிகிரிவரை சாய்ந்து போனது. பட்டையின் ஓரத்தில் முட்டினால் தகவல் போச்சு. இதற்குக் கண்ட மாற்று, இரண்டு காந்த அடுக்குகளை எதிரெதிராகப் பிணைத்து ஒவ்வொன்றிலும் ஒரு சுழியை வைப்பது. ஒன்று இடப்பக்கம் சாய, மற்றது வலப்பக்கம் சாய, ஜோடி நேராக ஓடும். 2024இல் கிரெனோபிள் ஆய்வாளர்கள் இப்படி அறை வெப்பநிலையில் நொடிக்கு 900 மீட்டர் வேகத்தை எட்டினார்கள்.

இரண்டாவது தடை சங்கடமானது. அறை வெப்பநிலையில் வேலை செய்யும் மெல்லிய உலோக அடுக்குகளில் ஒரே ஒரு சுழியை மின்முறையில் கண்டறிய முடியும் என்று 2018இல் காட்டினார்கள். ஆனால் அந்தச் சமிக்ஞையை ஆராய்ந்தபோது அதில் பெரும்பகுதி பழைய இரண்டாவது உறுப்பு, அதாவது காந்தமாக்கம் தரும் ஹால் விளைவு. இடவியல் பங்கு இருப்பது தெரியாத அளவுக்குச் சிறியது. இதே காலத்தில் வேறு பல மென்படலங்களில், ஹால் வளைகோட்டில் ஒரு திமில் தெரிந்தாலே இதோ ஸ்கிர்மியான் என்று கட்டுரைகள் வரத் தொடங்கின. ஸ்ட்ரோன்சியம் ருத்தெனேட் படலங்கள் இதில் பிரபலம். படலத்தின் தடிமன் இடத்துக்கு இடம் சற்றே மாறி, எதிரெதிர்க் குறியீடுள்ள இரண்டு சாதாரணச் சமிக்ஞைகள் கூடினாலும் அதே திமில் வரும் என்று மற்றவர்கள் சுட்டிக்காட்டியதும் சூடான விவாதமாயிற்று. என் கட்சி சந்தேகப்பட்டவர்களின் கட்சிதான். மாங்கனீசு சிலிசைடில் எலக்ட்ரானின் சாட்சியம் எடுபட்டது, பக்கத்திலேயே நியூட்ரானின் சாட்சியமும் இருந்ததால். தனித்து நிற்கும் திமில் எதையும் நிறுவாது.

சுழி வேண்டாம், வெறும் திருகே போதும் என்ற திசையிலும் ஒரு பாதை பிரிகிறது. திருகு அசையும்போது உண்டாகும் வெளிப்படு மின்புலத்தை மின்தூண்டியாகப் பயன்படுத்தலாம் என்று 2019இல் நவோத்தோ நாகவோசா கணக்கிட்டார். சாதாரணத் தூண்டியில் கம்பிச் சுருளைச் சிறிதாக்கினால் தூண்டல் திறன் குறையும். சர்க்யூட் பலகையில் அது அடைத்துக்கொள்ளும் இடம் பொறியாளர்களின் நெடுநாள் தலைவலி. இதிலோ குறுக்குப்பரப்பு சிறுக்கச் சிறுக்கத் திறன் கூடும். அடுத்த ஆண்டே தோமோயுகி யோகோவ்ச்சி முதலானோர் காடோலினியம் சேர்ந்த மற்றொரு காந்தத்தில் அப்படியொரு விளைவை அளந்ததாக அறிவித்தார்கள். அளந்தது வெளிப்படு மின்புலத்தையா, அல்லது மின்னோட்டம் மாதிரியைச் சூடாக்கியதால் மின்தடை தாமதமாக மாறுவதையா என்ற வாதம் பிறகு எழுந்திருக்கிறது. முடியவில்லை.

நினைவகக்காரர்கள் இதற்குள் ஹால் சமிக்ஞைக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டார்கள். 2024இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் ஒரே ஒரு ஸ்கிர்மியானைச் சுரங்க மின்சந்தி ஒன்றுக்குள் அமைத்து, மின்னழுத்தத்தால் அதை உண்டாக்கி, அழித்து, படித்தும் காட்டினார்கள். மெல்லிய மின்காப்பு அடுக்கை ஊடுருவிச் செல்லும் மின்னோட்டம், சுழி இருந்தால் ஒரு மின்தடையையும் இல்லாவிட்டால் வேறொரு மின்தடையையும் காட்டுகிறது. இன்றைய காந்த நினைவகச் சில்லுகளில் ஏற்கெனவே இருக்கும் அதே வகைச் சந்திதான் இது. படிக்கும் வேலையில் வளையும் எலக்ட்ரானுக்கு இங்கே பங்கு எதுவும் இல்லை.